முதல் முறையாகக் காரில் ஆடியோ பொருத்துவோர் எதில் முதலில் பணம் போடுவது?

காருடன் வந்த ஒலி அமைப்பு போதவில்லை என்று தோன்றி, அதை மாற்ற முதல் முறையாக இறங்குபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவை மாற்றலாம். கதவுகளில் உள்ள ஸ்பீக்கர்களை மாற்றலாம். ஒலிச் சிக்னலின் சக்தியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தனியாகச் சேர்க்கலாம். கீழ்ச்சுரங்களுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றை டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைக்கலாம். நான்கையும் ஒரே மூச்சில் செய்து முடிக்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. வசதி இருந்தாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த மாற்றம் எந்தப் பலனைத் தந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாமல் போய்விடும். முன்கதவு ஸ்பீக்கர்களும் அவை உட்காரும் கதவின் உட்புறமும் முதலில், அளவான ஓர் ஆம்ப்ளிஃபையர் அடுத்து, சப்வூஃபர் அதன் பிறகு, ஸ்டீரியோ தேவைப்பட்டால் மட்டும் என்ற வரிசையை நான் பரிந்துரைக்கிறேன். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன் குறை எங்கே என்று காதால் தெரிந்துகொள்ள வேண்டும். நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களைத் தரமான பதிவாகத் தேர்ந்தெடுத்து, பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுநிலையில் வைத்து, ஒலியை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் ஃபேடரை முழுவதும் முன்பக்கம் தள்ளிவிட்டு, வண்டி நிற்கும்போது ஒரு முறையும் ஓடும்போது ஒரு முறையும் கேளுங்கள். குறைந்த ஒலியிலேயே பாடகரின் சொற்கள் தெளியாமல் மங்கிக் கிடந்தால் ஸ்பீக்கரும் அது இருக்கும் இடமும் காரணம். குறைந்த ஒலியில் நன்றாக இருந்து, கூட்டும்போது மட்டும் கரகரத்தால் சக்தி போதவில்லை என்று பொருள். எல்லாம் தெளிவாக இருந்து டிரம்மின் அடியும் பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் மட்டும் காணாமல் போனால் சப்வூஃபரைப் பற்றி யோசிக்கலாம். கதவின் பிளாஸ்டிக் சடசடத்தால், எத்தனை விலையுயர்ந்த ஸ்பீக்கரை வாங்கினாலும் கதவைக் கவனிக்காமல் தீராது.

ஸ்டீரியோவை மாற்றுவதுதான் முதலில் மனத்தை இழுக்கும். பெரிய திரை கண்ணுக்குத் தெரிகிறது, கைப்பேசியை இணைத்து ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேயும் பயன்படுத்தலாம், பழைய வண்டியும் புதிது போலாகிவிடும். இவை உண்மையான பயன்கள்தாம். ஆனால் ஒலியின் சக்தியில் பெரிய மாற்றத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பது ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச அளவே. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் சக்தி அன்று. இஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அந்த 14.4 வோல்ட்டை முழுமையாகப் பயன்படுத்தினாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடிய சக்தி கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. உள்ளிருக்கும் சிப்பில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது 15 முதல் 20 வாட்தான். பழைய ஸ்டீரியோவுக்கும் புதியதற்கும் இந்த இயற்பியல் ஒன்றே.

பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. 180 x 50 மில்லிமீட்டர் முகப்புள்ள ஒற்றை டின், அதைப்போல் இரு மடங்கு உயரமுள்ள இரட்டை டின் ஆகிய அளவுகளில் இடம் விட்ட வண்டிகளில் மாற்றுவது எளிது. புதிய வண்டிகள் பலவற்றில் திரை டேஷ்போர்டுடன் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது; ஏசி அமைப்பு, ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், சில வண்டிகளில் எச்சரிக்கை மணிகூட அதன் வழியாகவே இயங்குகின்றன. அதைக் கழற்றினால் ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் தேடி அலைய வேண்டும். ஆகவே புளூடூத் கூட இல்லாத பழைய ஸ்டீரியோவும் நிலையான அளவுள்ள இடமும் இருந்தால் மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் அனுப்பும் ஆர்சிஏ வெளியீடு 4 வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பிறகு பயன்படும். ஒருங்கிணைந்த திரை உள்ள வண்டியில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இனி ஸ்பீக்கர். இங்கே கோஆக்ஸியலா, காம்பொனென்டா என்பதில்தான் பலர் தயங்கி நிற்கிறார்கள். கோஆக்ஸியலில், கீழ்ச்சுரங்களைத் தரும் வூஃபரின் நடுவிலேயே மேல்சுரங்களைத் தரும் ட்வீட்டர் பொருத்தப்பட்டிருக்கும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிய அதே துளையில் வைத்து அதே வயரில் இணைத்துவிடலாம். காம்பொனென்டில் வூஃபர், ட்வீட்டர், எந்தச் சுரம் எதற்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் மூன்றும் தனித்தனியாக வரும். மேல்சுரங்கள் நேர்கோட்டில் செல்லும் தன்மை உடையவை. கதவின் கீழ்ப்பகுதியிலுள்ள கோஆக்ஸியலின் ட்வீட்டர் ஓட்டுபவரின் காலை நோக்கியே பாடுகிறது. காம்பொனென்ட் ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடியின் முக்கோண மூலையிலோ டேஷ்போர்டின் ஓரத்திலோ வைக்கும்போது, பாடகர் கண் மட்டத்தில் எதிரே நிற்கும் உணர்வு கிடைக்கிறது. உங்கள் வண்டியில் ட்வீட்டருக்கான இடம் ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் காம்பொனென்ட் வாங்குங்கள். இடம் இல்லாமல், புதிதாகத் துளையிடவும் மனமில்லாதவருக்கு நல்ல கோஆக்ஸியல் போதும். அதிலும் ட்வீட்டரைக் கையால் திருப்பிக் கோணம் மாற்றக்கூடிய வகை கிடைத்தால் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைப் பார்க்காமல், சென்சிடிவிட்டி என்ற சிறிய எண்ணைப் பாருங்கள். 1 வாட் சக்தி கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பதை அது சொல்கிறது. ஒலி 3 டெசிபெல் கூட வேண்டுமானால் சக்தி இரட்டிப்பாக வேண்டும். அப்படியென்றால் 91 டெசிபெல் ஸ்பீக்கர் தரும் அதே ஒலியளவை 87 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து பெற இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் எண்ணம் உடனடியாக இல்லாதவருக்கு இந்த ஓர் எண்தான் தீர்ப்பு. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: பெயர்பெற்ற ஒலி நிறுவனத்தின் முத்திரையோடு உயர்ரக அமைப்பு பொருத்தப்பட்டு வந்த வண்டிகளில் ஸ்பீக்கர்கள் 2 ஓம் மின்தடை கொண்டவையாக இருக்கலாம். அங்கே சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஒலி கூடுவதற்குப் பதில் குறைந்து போகும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தின் மீதுள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்கச் செல்லுங்கள்.

பின்கதவு ஸ்பீக்கர்களை இப்போதைக்கு மறந்துவிடலாம். பின்னிருக்கையில் எப்போதும் ஆள் இருக்கும் குடும்ப வண்டி என்றால் மட்டும் அங்கே ஒரு கோஆக்ஸியல் ஜோடி வைக்கலாம். நான்கு சுமாரான ஸ்பீக்கர்களைவிட முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் மேல்.

கதவின் உட்புறத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் செலவில் முதலில் வெட்டப்படுகிறது. கதவின் உள்மூடியான டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் கொண்ட உள்தகடு, அதன்மேல் கறுப்புப் பசையால் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் ரிவெட் அடித்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஓர் இலேசான காகிதக் கூம்பு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் காற்று இழுபடுகிறது. அந்தப் பின்பக்க ஒலி அலை, தகட்டின் துளைகள் வழியே முன்பக்கம் வந்து முன்பக்க அலையுடன் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீழ்ச்சுரங்களில் இந்த இழப்பு மிக அதிகம். ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்று குறைப்படுபவர்களில் பலருக்கு அந்த பேஸ் கதவின் துளைகளில்தான் காணாமல் போகிறது.

இதற்குப் பரிகாரம் மூன்று. தகட்டின் அதிர்வை அடக்கும், அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை, வெளித்தகட்டின் உட்புறத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலிருந்து தொடங்கி, உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விரலால் தட்டும்போது கணகணவென்று ஒலித்த தகடு மந்தமாக ஒலிக்கத் தொடங்கினால் போதும். அடுத்து, உள்தகட்டின் பெரிய துளைகளை மூட வேண்டும். ஆனால் கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும். மூன்றாவதாக, ஸ்பீக்கரை அசையாத ஒரு வளையத்தின் மீது, இடையில் ஃபோம் பட்டை வைத்துத் திருகால் இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, அது காந்தத்தில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இவ்வளவும் செய்த கதவில் நடுத்தர விலை ஸ்பீக்கரும், ஒன்றும் செய்யாத கதவில் அதைவிட இரு மடங்கு விலையுள்ள ஸ்பீக்கரும் இருந்தால், முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆம்ப்ளிஃபையரில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது முக்கியம். 20 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் ஒலி மூன்று மடங்காகக் கேட்காது. 5 டெசிபெல் அளவுக்கே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். கிடைக்கும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டில் திடீரென எழும் உச்சங்களில் சிறிய சிப் மூச்சு முட்டி அலையின் தலையை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுதான் கரகரப்பாகக் கேட்கிறது. வாட் அதிகமானால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு, ஆனால் அளவோடு பயன்படுத்தும் பெரிய ஆம்ப்ளிஃபையரைவிட, எல்லைக்கு மேல் முடுக்கிய சிறிய ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் வெட்டுப்பட்ட அலையே ட்வீட்டரை எளிதில் கெடுக்கிறது. முதல் முறைக்கு ஒரு சானலுக்கு 50 முதல் 75 வாட் ஆர்எம்எஸ் தரும் நான்கு சானல் ஆம்ப்ளிஃபையர் போதுமானது. முன்கதவுகளுக்கு இரண்டு சானல் போக, மீதி இரண்டையும் இணைத்து நாளை ஒரு சிறிய சப்வூஃபரை இயக்கலாம். சிடிஏ-2006 என்ற அளவீட்டு நெறிப்படி சக்தி குறிப்பிடப்பட்டிருந்தால், அது 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவுடன் அளந்த எண் என்று நம்பலாம்.

கிளாஸ் ஏபி, கிளாஸ் டி என்ற இரு ஆம்ப்ளிஃபையர் வகைகளில் எது என்ற விவாதத்தில் இன்று அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. கிளாஸ் டி சிறியது, சூடு குறைவு, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்; இருக்கைக்கு அடியில் வைக்க ஏற்றது.

அதைவிட வயரிங் ஆயிரம் மடங்கு முக்கியம். நான்கு சானலும் 60 வாட் தரும்போது வெளியீடு 240 வாட், 80 சதவீதத் திறனில் உள்ளே இழுப்பது 300 வாட், அது 14.4 வோல்ட்டில் ஏறத்தாழ 21 ஆம்பியர். இதற்கு 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மில்லிமீட்டர் முழுச் செப்புக் கம்பி போதும். அலுமினியத்தின் மீது செம்பு பூசிய கம்பி விலை குறைவு, ஆனால் மின்தடை கூடுதல் என்பதால் ஒரு படி பெரிய தடிமனில் வாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் அந்தக் கம்பியில், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காக்க வைப்பதன்று, கம்பியையும் வண்டியையும் காக்க வைப்பது. இஞ்சின் அறைத் தகட்டின் துளையில் ரப்பர் வளையம் போடாமல் கம்பியை இழுத்துவிட்டால், அதிர்வில் மேலுறை தேய்ந்து செம்பு தகட்டைத் தொடும் நாளில், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கலாம். இதில் மட்டும் எந்தச் சிக்கனத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

எர்த் கம்பியும் அதே தடிமனில், கூடுமானவரை குறுகியதாக, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். இஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்டால் பெரும்பாலும் எர்த் இணைப்பே குற்றவாளி. மின்கம்பியை ஒரு பக்கமும் ஆர்சிஏ கேபிளை மறுபக்கமும் கொண்டுபோவது நல்ல பழக்கம். கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொள்பவர்கள், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபையரை வாங்கிவிட்டால் தனி மாற்றி தேவைப்படாது. கெயின் திருகு ஒலியைக் கூட்டும் திருகு அன்று. ஸ்டீரியோவின் வெளியீட்டுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு. அதைக் கோடிவரை திருப்பி வைத்துத் தரும் கடையை விட்டு விலகுவது நல்லது.

சப்வூஃபரில் மூன்று வகைகள் எதிரெதிரே நிற்கின்றன. இருக்கைக்கு அடியில் செல்லும், ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய தட்டையான பெட்டி இடத்தை அடைக்காது. 80 முதல் 45 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை நிரப்பும். அதற்குக் கீழே இறங்கச் சொன்னால் திணறும். மூடிய பெட்டியும் துளையுள்ள போர்ட்டட் பெட்டியும் டிக்கியில் இடம் கேட்பவை. போர்ட்டட் பெட்டி அதே சக்தியில் கூடுதலாக முழங்கும், ஆனால் அளவில் பெரியது. அது ட்யூன் செய்யப்பட்ட சுரத்துக்குக் கீழே, ஹெர்ட்ஸ் பாதியாகக் குறையும் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் 24 டெசிபெல் வீதம் ஒலி சரிந்துவிடும். மூடிய பெட்டியில் சரிவு 12 டெசிபெல்தான். கார் போன்ற சிறிய மூடிய இடத்துக்குள் கீழ்ச்சுரங்கள் தாமாகவே வலுப்பெறும் தன்மை உண்டு. அந்த ஏற்றம் மூடிய பெட்டியின் சரிவைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. அதனால், வீட்டில் மெலிந்து கேட்கும் மூடிய பெட்டி காரில் நிறைவாகவே கேட்கும். இசையை இசையாகக் கேட்க விரும்புபவருக்கு 10 அங்குல மூடிய பெட்டி என் தேர்வு. டிக்கியை இழக்க முடியாதவருக்கு இருக்கைக்கு அடியில் செல்வது. முழக்கமே வேண்டும் என்பவர் போர்ட்டட்டுக்குப் போகலாம், ஆனால் அதற்கேற்ற வயரிங்கையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

எந்த வகையானாலும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அந்த ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல் என்பதால் அது எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பதில்லை. பெட்டி டிக்கியில் இருந்தாலும் டிரம் முன்னால் ஒலிப்பதாகவே தோன்றும். அதே நேரத்தில் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் போகாமல் தடுத்தால் அவை சுமை இறங்கி, குரலைத் தெளிவாகத் தரும். சப்வூஃபர் சேர்த்த பிறகு குரல் மேம்பட்டதாகப் பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

டிஎஸ்பி என்னும் ஒலிச் செயலியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஓட்டுபவரின் காதுக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும் எதிர்ப்பக்க ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்துசேரும். அருகிலுள்ளதைத் தாமதப்படுத்திப் பாடகரை நடுவில் நிறுத்த டிஎஸ்பி உதவும். அருமையான கருவிதான், ஆனால் அளவிடும் மைக்கும் பொறுமையும் தெரிந்த ஆளும் வேண்டும். முதல் சுற்றில் இதைத் தள்ளிப்போடலாம்.

தானே செய்வதா, கடையில் கொடுப்பதா என்ற முடிவு வேலையைப் பொறுத்தது. ஸ்பீக்கர் மாற்றுவதும் டேம்பிங் ஒட்டுவதும் பொறுமையுள்ள எவரும் விடுமுறை நாளில் செய்யக்கூடியவை. கம்பெனி வயரை வெட்டாமல், வண்டிக்கேற்ற கப்ளர் அடாப்டரை வாங்கிச் செருகினால் பழைய நிலைக்குத் திரும்புவதும் எளிது, உத்தரவாதம் குறித்த வாக்குவாதமும் குறையும். பேட்டரியிலிருந்து கம்பி இழுப்பதை முதல் முறை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். முன்கண்ணாடியின் பக்கத் தூண்களில் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அதன்மேல் வயர் போகக் கூடாது. மின்சார வண்டியிலும் ஆடியோவுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அமைப்பே மின்சாரம் தருகிறது. ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பிகளின் பக்கம் கை போகவே கூடாது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பிராண்டு விற்கிறார்கள் என்று கேட்பதைவிட, அவர்கள் பொருத்திய ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி இறக்குங்கள், கதவுப் பூட்டுகளையும் ஸ்டீயரிங் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஒலியைப் பாதிவரை கூட்டி இரைச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரே குரல் மட்டும் உள்ள பதிவை ஒலிக்கவிட்டு, பேலன்ஸை நடுவில் வையுங்கள். குரல் இடத்தில் நிற்காமல் சிதறி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம்; அதைத் திருப்பி மாட்டச் சில நிமிடங்கள் போதும். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் உறையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கலாம். அன்றே கடைக்குத் திரும்பக் கொண்டுபோய் இறுக்கச் செய்யுங்கள்.